பவளக் குஞ்சு எங்கே குடியேறும்?

(பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஸ்ரீராம்புரத்திலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க ஒரு பகலோ ஓர் இரவோ பயணம் செய்தாக வேண்டும். கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே உட்கார்ந்துகொண்டு பவளத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும், கூட்டம் ஏற்பாடு செய்த தம்பி ஒருவர், "சார், நம்ம ஜனங்களுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பதிலைப் பேச்சின் போக்கிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெரியம்மாவைக் கட்டிக்கொடுத்த ஊர் தூத்துக்குடி. பள்ளிக்கூட விடுமுறைக்கு அங்கே போவோம். பழைய காலத்து வீடு. பின்கட்டுச் சுவரில் காரை உதிர்ந்து உள்ளே இருந்த கல் வெளியே தெரியும். மேலெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழிக்குள்ளும் வண்டிச் சக்கரத்து ஆரக்கால் மாதிரி மெல்லிய தகடுகள். பூப்பூவாக அச்சுக் குத்தி வைத்தது போல இருக்கும். அந்தப் பூக்களை விரல் வைத்து எண்ணிக்கொண்டே நிற்பேன். "அது கடல்கல்லுடா, கையைக் கிழிச்சிடும்" என்பார் பெரியம்மா. அந்தச் சுவரில் நான் எண்ணிய ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த இடம் என்று எனக்குத் தெரியவர இருபது வருடம் ஆயிற்று.

அந்த வீட்டைப் பின்னால் இடித்துக் கட்டினார்கள். அதில் ஒரு கல்லை எடுத்து வந்து உங்களுக்குக் காட்டியிருக்கலாம் என்று தோன்றும். பவளக்கல்லைக் கையில் எடுத்துக்கொண்டு திரிய இன்று சட்டம் இடம் தராது. நல்ல சட்டம்தான். ஆகவே கல்லுக்குப் பதிலாக, மெருகேற்றாத இந்தச் செம்மண் டைல் ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். ஒரு சாண் கூட இல்லை. நடுவில் ஒரு துளை போட்டிருக்கிறேன். இது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மோதிரத்தில் பதிக்கிறோமே, செவ்வாய்க்கு உரியது என்று ஜோசியர் சொல்லும் சிவப்புப் பவளம், அது வேறு. பாறை கட்டும் பவளத்துக்குத் தூரத்து உறவு, அவ்வளவுதான். நான் பேசப் போவது பாறை கட்டும் பவளத்தைப் பற்றி. அது செடியும் அல்ல, கல்லும் அல்ல. ஜெல்லிமீனின் சொந்தக்காரப் பிராணி. வாய் ஒன்று, அதைச் சுற்றி விரல்கள், அடியில் தானே சுரந்து கட்டிக்கொண்ட சுண்ணாம்புக் கிண்ணம். உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலை வாங்கிச் சமைத்து, சோற்றில் பெரும்பங்கை இதற்குத் தருகின்றன. இப்படி ஆயிரக்கணக்கான கிண்ணங்கள் ஒட்டிக்கொண்டு வளர்ந்தால் அதுவே நாம் சொல்லும் பவளப்பாறை. யாழ்ப்பாணத்துக்காரர்கள் இதை முருகைக்கல் என்பார்கள்.

உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காத இந்தப் பிராணி எப்படி ஊர்விட்டு ஊர் பரவுகிறது? வாழ்நாளில் ஒரே ஒரு முறை, குழந்தையாக இருக்கும்போது மட்டும், அது பயணம் செய்கிறது. அந்தப் பயணத்தின் முடிவில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தத் தேர்வைப் பற்றியதுதான் இன்றைய பேச்சு.

மன்னார் வளைகுடாவில் பவளங்கள் இனம்பெருக்கும் காலம் மார்ச், ஏப்ரல். நம் கணக்கில் பங்குனி. கரையில் பங்குனி உத்திரத்துக்குக் காவடி கட்டிக்கொண்டிருக்கும் நாட்களில், கடலுக்கு அடியில் மான்கொம்பு போலக் கிளைக்கும் அக்ரோபோரா வகைப் பவளங்கள் இருட்டிய பிறகு இளஞ்சிவப்பு உருண்டைகளை வெளியே விடுகின்றன. ஒவ்வோர் உருண்டையிலும் முட்டையும் விந்தும் சேர்ந்திருக்கும். முட்டையில் கொழுப்பு அதிகம், அதனால் மேலே மிதந்து வரும். நீர்மட்டத்தில் உருண்டை உடைந்து, பக்கத்துப் பவளத்தின் உருண்டையோடு கலந்து கருவாகும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், ஆண்டுக்கு ஒரு முறை பௌர்ணமி கழிந்த சில இரவுகளில், பல்வேறு இனப் பவளங்கள் ஒன்றாக இப்படிச் செய்வதை 1980-களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் கண்டார்கள். பீட்டர் ஹாரிசனும் கூட்டாளிகளும் 1984-ல் அதை வெளியிட்டபோது உலகம் வியந்தது. அதுவரை பவளங்கள் பெரும்பாலும் குஞ்சைத் தாய் வயிற்றிலேயே வளர்த்து வெளிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அப்படிச் செய்யும் இனங்களும் உண்டு, ஆனால் அவை சிறுபான்மை.

கருவான முட்டை இரண்டு நாளில் உருண்டு, நீண்டு, உடம்பெல்லாம் மெல்லிய மயிர்க்கால் முளைத்து நீந்தத் தொடங்குகிறது. இதற்குப் பிளானுலா என்று பெயர். நம் பாடப்புத்தகத்தில் இளவுயிரி என்று போட்டிருப்பார்கள். நான் பவளக் குஞ்சு என்றே சொல்கிறேன். மீன்குஞ்சு என்கிறோமே, அது போல. அளவு ஒரு கசகசாவுக்கு மேல் இருக்காது. கண் கிடையாது. காது கிடையாது. மூளை கிடையாது. நொடிக்குச் சில மில்லிமீட்டர் நீந்தும். கடல் நீரோட்டத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை. நீரோட்டம் இழுத்த பக்கம் போகத்தான் வேண்டும்.

இங்கேதான் நெடுநாள் ஒரு தப்பெண்ணம் இருந்தது. எதிர்த்து நீந்த முடியாத குஞ்சு, நீரோட்டம் எங்கே கொண்டுபோய்ப் போடுகிறதோ அங்கே ஒட்டிக்கொள்ளும், நல்ல இடமானால் பிழைக்கும், கெட்ட இடமானால் சாகும் என்று நினைத்தார்கள். காற்றில் பறக்கும் எருக்கம் விதையைப் போல. அது சரியல்ல. நெடுந்தூரப் பயணத்தை நீரோட்டம் முடிவு செய்கிறது, உண்மை. கடைசிச் சில மீட்டர்களை, கடைசிச் சில அங்குலங்களைக் குஞ்சுதான் முடிவு செய்கிறது. அக்ரோபோராக் குஞ்சுகளுக்கு நான்கைந்து நாளில் ஒட்டும் பக்குவம் வந்துவிடுகிறது. அப்போது அவை மேலே மிதப்பதை விட்டு அடித்தளத்தை நோக்கித் தலைகீழாக இறங்குகின்றன. நல்ல இடம் அமையாவிட்டால் காத்திருக்கவும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் சில இனங்களின் குஞ்சுகள் 200 நாளைத் தாண்டியும் உயிரோடு நீந்தியிருக்கின்றன. கையில் கட்டிக்கொண்டு வந்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்துக்கொண்டு ஓர் இடத்துக்காக ஆறு மாதத்துக்கு மேல் அலைகிறது கசகசா அளவுள்ள ஓர் உயிர்.

அது தேடும் விதத்தை உருப்பெருக்கியின் கீழ் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். உடம்பின் முன்முனையைத் தரையில் வைத்துத் தொடும். அங்கேயே பம்பரம் போலச் சுற்றும். பிடிக்கவில்லை என்றால் மேலே எழும்பி, கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி தொடும். நம் வீட்டில் பெரியவர்கள் வாடகைக்கு வீடு பார்க்கும்போது ஒரு மூலையில் நின்று வெளிச்சம் பார்த்து, குழாயைத் திருகிப் பார்த்து, அக்கம்பக்கம் விசாரித்து வருவார்களே, அதற்குக் குறைந்த விசாரணை இல்லை இது.

எதை விசாரிக்கிறது? முதலில் தரையின் வாசனையை.

கடலுக்கடியில் உள்ள பாறைகள் மேல் இளஞ்சிவப்பு வர்ணம் அடித்தது போல ஒரு படலம் இருக்கும். அது சுண்ணாம்புப் பாசி. பாறையோடு பாறையாக ஒட்டி, தானும் சுண்ணாம்பாக இறுகிவிடும் பாசி. பல பவள இனங்களின் குஞ்சுகள் இந்தப் பாசி இருக்கும் கல்லைத்தான் நாடுகின்றன. கரீபியக் கடலின் அகரீசியா என்ற பவளத்தை வைத்து மோர்ஸ் தம்பதியர் 1980-களின் இறுதியிலிருந்தே இதை நிறுவிக் காட்டினார்கள். 1999-ல் ஹேவர்டும் நெக்ரியும் ஆஸ்திரேலியப் பவளங்களில் காட்டினார்கள். பிறகு இன்னொரு செய்தி தெரியவந்தது. அந்தப் பாசியின் மேல் வாழும் பாக்டீரியாக்களும் குஞ்சைக் கூப்பிடுகின்றன. சூடோஆல்டெரோமோனாஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து டெட்ராப்ரோமோபிரோல் என்ற ஒரு பொருளை 2011-ல் பிரித்தெடுத்தார்கள். அதில் சிறிதளவு நீரில் இட்டால் போதும், அக்ரோபோராக் குஞ்சு உருமாறத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எதிலும் ஒட்டாமலே, தண்ணீரில் மிதந்தபடியே பவளமாக மாறிவிட்டன. ஒட்ட இடமில்லாமல் உருமாறிய பவளத்துக்குக் கடலில் வாழ்வு ஏது? ஒரு வாசனை மட்டும் போதாது, பல அடையாளங்கள் சேர்ந்து வர வேண்டும் என்பதை அந்தச் சோதனை காட்டியது.

எல்லாச் சுண்ணாம்புப் பாசியும் நல்ல பாசி அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில வகைகள் பாம்பு சட்டை உரிப்பது போல மேல்தோலை உரித்துவிடும். மேலே ஒட்டியிருக்கும் குஞ்சும் தோலோடு போய்விடும். வேறு சில குஞ்சின் மேலேயே படர்ந்து மூடிவிடும். டைட்டனோடெர்மா என்ற வகை அப்படிச் செய்வதில்லை. 2004-ல் ஹாரிங்டனும் கூட்டாளிகளும் பல வகைகளைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் டைட்டனோடெர்மாவைத்தான் தேடிப் போய் உட்கார்ந்தன. உட்கார்ந்தவை அதிகம் பிழைத்ததும் அதன் மேல்தான். மூளையில்லாத ஓர் உயிர் நல்ல வீட்டுக்காரரையும் துரத்தும் வீட்டுக்காரரையும் பிரித்தறிகிறது. பவளத்தைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிகவும் நெகிழ வைத்தது இதுதான்.

அடுத்தது வெளிச்சமும் தரையின் வடிவமும். இப்போது இந்த டைலை எடுக்கிறேன். உலகெங்கும் பவள ஆய்வாளர்கள் பயன்படுத்தும் கருவி இதுதான். இதைவிட எளிய கருவி எனக்குத் தெரியாது. நடுத்துளையில் திருகாணி போட்டு, பாறைக்கும் இதற்கும் நடுவே விரற்கடை இடைவெளி விட்டு முடுக்குவார்கள். பவளம் முட்டையிடும் பருவத்துக்குச் சில வாரங்களுக்கு முன்பே இதைக் கடலில் இறக்கிவிட வேண்டும். ஏன் தெரியுமா? வீட்டில் புது மண்சட்டி வாங்கினால் உடனே குழம்பு வைக்க மாட்டார்கள். கஞ்சித் தண்ணீர் ஊற்றி நாலு நாள் பழக்குவார்கள். இந்த டைலையும் கடல் பழக்க வேண்டும். நுண்ணுயிர்ப் படலம் படிந்து, சுண்ணாம்புப் பாசி திட்டுத் திட்டாகப் பிடித்த பிறகுதான் குஞ்சு திரும்பிப் பார்க்கும். பளபளவென்று புதிதாக இருக்கும் டைலில் அவ்வளவாக ஒன்றும் உட்காராது.

சில மாதம் கழித்து எடுத்துக் கழுவி, உருப்பெருக்கியில் வைத்தால் மேல்பக்கத்தில் அதிகம் இருக்காது. இதோ இப்படித் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம், இந்த வரிவரியான பள்ளங்களுக்குள், ஓரங்களில், ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைப் புள்ளிகள். கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னச் சக்கரம். நடுவிலிருந்து ஆரக்கால்கள். பெரியம்மா வீட்டுச் சுவரில் நான் எண்ணிய அதே பூ, பிறந்த சில வாரத்துக் கோலத்தில்.

அடிப்பக்கத்தை ஏன் தேர்கிறது? ஆழமில்லாத கடலில் மேல்பக்கம் ஆபத்து. வெயில் சுடும். வண்டல் படியும். பாசி மேயும் கிளிமீனும் கடல்முள்ளெலியும் கல்லைச் சுரண்டும்போது குஞ்சையும் சேர்த்துச் சுரண்டிவிடும். ஆகவே நிழலான இடுக்கு. அதுவே ஆழமான இடமானால் கதை மாறுகிறது. அங்கே வெளிச்சம் குறைவு, உடம்புக்குள் குடியேறும் பாசிக்கு வெயில் வேண்டும், எனவே குஞ்சு மேல்பக்கத்துக்கு வருகிறது. தன் உடம்பின் அளவுக்கு ஒத்த சிறு குழிகளை அது விரும்புகிறது என்றும் கண்டிருக்கிறார்கள். நிறத்திலும் விருப்பம் உண்டு. கரீபியப் பகுதியில் செய்த ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. சிவப்பு நிறப் பரப்புகளில் குஞ்சுகள் கூடுதலாக உட்கார்ந்தன. வாசனையே இல்லாத சிவப்புப் பிளாஸ்டிக் கட்டுப்பட்டையில் கூட. சுண்ணாம்புப் பாசி சிவப்பாக இருப்பதை நினைத்தால் இதில் பொருள் இருக்கிறது.

இனி ஒலி. பவளப்பாறை சத்தமான ஊர். சொடுக்கு இறால்கள் கொடுக்கைச் சொடுக்கும் ஒலி, காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பது போல ஓயாமல் கேட்கும். மீன்கள் உறுமும், முனகும். 2010-ல் குராசாவோ தீவில் மார்க் வெர்மைய் குழுவினர் நீருக்குள் ஒலிபெருக்கி வைத்துப் பாறையின் ஒலியை ஒலிக்கச் செய்தார்கள். பவளக் குஞ்சுகள் ஒலி வந்த பக்கம் நகர்ந்தன. 2024-ல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில் நடேஜ் ஆவோகி குழுவினர் ஒரு படி மேலே போனார்கள். நலிந்துபோன ஒரு பாறைத்திட்டில் ஒலிபெருக்கி வைத்து, நல்ல நிலையில் உள்ள பாறையின் ஒலியை ஒலிபரப்பினார்கள். பொரைட்டிஸ் இனக் குஞ்சுகள் அங்கே சராசரியாக 1.7 மடங்கு அதிகமாகக் குடியேறின. காதில்லாத குஞ்சு எப்படிக் கேட்கிறது? உடம்பை மூடியிருக்கும் மயிர்க்கால்கள் நீரின் அதிர்வை உணர்கின்றன என்று கருதுகிறார்கள்.

இந்த இடத்தில் நம் ஸ்ரீராம்புரம் பேட்டையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. என் தாத்தா வட ஆற்காட்டிலிருந்து இங்கே வந்தவர். உங்களில் பலருடைய தாத்தாக்கள் தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பஞ்சமும் பிழைப்பும் இழுத்து வந்து பெங்களூரில் போட்டது. அது நீரோட்டம். அதற்குப் பிறகு எந்தத் தெருவில் பாய் விரிப்பது என்பதை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். பின்னி மில், மினர்வா மில், ராஜா மில் சங்கு ஊதினால் கேட்கும் தூரம். தெருக்குழாயடியில் தமிழ் பேச்சு. நம் ஊர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே குடியிருந்து, "இந்தப் பக்கம் வா, இடம் இருக்கு" என்றது. வந்த இடம் வாழத்தக்கது என்பதற்கு முன்னால் வந்தவர்களே சாட்சி. தம்பி கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். ஒரு பாறையில் வாழ்க்கை இருக்கிறது என்பதற்கு அங்கே வாழ்பவற்றின் வாசனையும் ஒலியும்தான் குஞ்சுக்குச் சாட்சி. குடியிருப்பவர்கள் காலி செய்துவிட்ட தெருவுக்குப் புதிதாக யாரும் வருவதில்லை.

முடிவு செய்தபின் நடப்பது வேகமாக நடக்கும். முன்முனை தரையில் ஒட்டும். சில மணி நேரத்தில் குஞ்சு தட்டையாகி ஒரு சிறு வில்லையாகும். ஆறு பிரிவாகப் பள்ளம் விழும். வாய் மேல்பக்கம் திறக்கும், விரல்கள் முளைக்கும், அடியில் சுண்ணாம்பு சுரக்கும். அதன் பிறகு எழுந்து போவது என்பது கிடையாது. ஒரு விதிவிலக்கை 1985-ல் ராபர்ட் ரிச்மண்ட் எழுதினார். போசிலோபோரா என்ற இனத்தில், ஒட்டிய புதிதில் துன்பம் நேர்ந்தால் அது சுண்ணாம்பை விட்டுவிட்டு மறுபடி நீந்தும் குஞ்சாக மாறிவிடக்கூடும். அந்தச் சலுகைக்கும் சில நாள்தான் கெடு.

இப்போது மன்னார் வளைகுடாவுக்கு வருவோம். முத்துக் குளித்தவர்களிடம் ஓர் அருமையான சொல் இருந்தது: பார். கடலடியில் மணலாக இல்லாமல் கெட்டித் தளமாக இருக்கும் இடம் பார். ஒவ்வொரு பாருக்கும் பெயர் வைத்திருந்தார்கள். தூத்துக்குடிக்கு அப்பால் தொலையாயிரம் பார் மிகப் பெரியது. முத்துச்சிப்பியின் குஞ்சும் நீந்தி வந்து கெட்டித் தளத்தில் ஒட்டி வாழ்வதுதான். மணலில் விழுந்தால் அழிந்துபோகும். 1902-ல் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஆராய வந்த ஹெர்ட்மன், குஞ்சுகள் ஒட்டுவதற்குக் கடலில் கல் கொட்டச் சொன்னார். ஆய்வாளர்கள் இதற்குப் பெயர் தேடும் முன்பே, பிடித்துக்கொள்ளத் தளம் உள்ள இடம், இல்லாத இடம் என்று கடலைப் பிரித்துப் பார்க்க நம் குளியாட்களுக்குத் தெரிந்திருந்தது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் இந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே 117 வகைப் பவளங்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தத் தீவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: காரைச்சல்லி, விலாங்குச்சல்லி, புலுவினிச்சல்லி. சல்லி என்றால் உடைந்த பவளத் துண்டு. நாம் ரோட்டுக்குக் கொட்டும் சல்லியை நினைத்துக்கொள்ளலாம்.

பல பத்தாண்டுகளாக அங்கே வள்ளத்தில் போய்க் கடப்பாரையால் பவளத்தைப் பெயர்த்து வந்தார்கள். வீடு கட்ட, சுண்ணாம்பு சுட, தொழிற்சாலைக்கு. பெரியம்மா வீட்டுச் சுவரும் அப்படி வந்ததே. நாம் மென்ற வெற்றிலையிலும் வீட்டுக்கு அடித்த வெள்ளையிலும் அந்தக் கடலின் பங்கு இருந்திருக்கும். பிழைப்புக்காகக் கடப்பாரை எடுத்தவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வாங்குவதற்கு நாம் இருந்தோம். 2001-ல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இருக்கும் பட்டியலில் சேர்ந்தது. 2005 வாக்கில் பெயர்ப்பது நின்றது. அதற்குள் பூவரசன்பட்டித் தீவும் விலாங்குச்சல்லித் தீவும் நீருக்குள் போய்விட்டிருந்தன. அலையைத் தடுக்கும் பாறை போனால் மணல் தீவு எத்தனை நாள் நிற்கும்?

பெயர்ப்பதை நிறுத்தியாயிற்று, இனி குஞ்சுகள் வந்து குடியேறிவிடும் என்று நினைக்கலாம். அங்கேதான் சிக்கல். பெயர்த்த இடத்தில் மிஞ்சுவது சல்லி. அலை அடிக்கும்போதெல்லாம் சல்லி புரளும். குஞ்சு வாசனையைப் பார்த்து ஒட்டிவிடும், ஒரு வாரத்தில் கல் கவிழ்ந்து, நசுங்கிச் செத்துப்போகும். இலட்சத்தீவில் 1998-ன் கடல்வெப்பத்தில் பவளங்கள் பெருமளவில் மடிந்த பிறகு, ரோஹன் ஆர்தர் குழுவினர் 2000 முதல் 2003 வரை மூன்று தீவுக்கூட்டங்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். மேற்குப் பார்த்த பாறைகள் வேகமாக மீண்டன. கிழக்குப் பார்த்தவை மீளவில்லை. குஞ்சு உட்கார்ந்த பிறகு பிழைத்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம், அதை அந்தந்தப் பக்கத்தின் அலையும் நீரோட்டமும் நிர்ணயித்தன என்று கண்டார்கள். பாசி மேயும் மீன்கள் அங்கே நிறைய இருந்தன. அதனால் செத்த பவளத்தின் மேல் பெரும்பாசி மண்டவில்லை, இடம் சுத்தமாக இருந்தது. அந்தக் குழு சார்ந்த நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் நம் மைசூரில்தான் இருக்கிறது. அவர்களுடைய நீண்டகால ஆய்வின்படி இலட்சத்தீவில் உயிருள்ள பவளப் பரப்பு 1998-ல் 37 சதவீதம், 2022-ல் 19 சதவீதம். ஒரு வெப்ப அலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மீண்டெழக் கிடைக்கும் அவகாசம் போதவில்லை.

மன்னாரிலும் அதே கதை. 2016 கோடையில் மட்டும் உயிருள்ள பவளப் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7 சதவீதத்துக்கு இறங்கியது. பங்குனியில் பிறந்த குஞ்சு சித்திரை, வைகாசியில் அந்தச் சூட்டை எதிர்கொள்கிறது. ஒட்டி ஓரிரு மாதமே ஆன உயிர். சூடு இல்லாத ஆண்டிலும் தொல்லை உண்டு. இழுவலை கிளப்பும் வண்டல், ஊர்க் கழிவுநீர், அறுந்த வலை. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி குருசடைத் தீவில் பவளக் கிளைகளை மூடிப் படர்ந்ததை 2008-லேயே மதுரை ஆய்வாளர்கள் எழுதினார்கள். அரை மில்லிமீட்டர் தடிமன் வண்டல் நமக்கு ஒரு தூசி. குஞ்சுக்கு அது ஒட்ட முடியாத தரை.

செய்வதற்கு வழி இருக்கிறதா? இருக்கிறது. தூத்துக்குடி நிறுவனத்தார் 2002 முதல் சிமெண்டுச் சட்டங்களில் பவளக் கிளைகளை நட்டு வளர்த்துவருகிறார்கள். தேய்ந்துபோய்க்கொண்டிருந்த வான் தீவைச் சுற்றித் தமிழ்நாடு அரசு துளைகள் வைத்த கான்கிரீட் செயற்கைப் பாறைகளை 2015-லிருந்து கட்டம் கட்டமாக இறக்கியது. மொத்தம் 10,000-க்கும் மேல். அலையின் வேகம் தணிந்தது, தீவு நிலைத்தது. பழகிய அந்தக் கான்கிரீட்டின் மேல் யாரும் நடாமலே பவளக் குஞ்சுகள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. பிலிப்பைன்சில் வெடிவைத்து மீன்பிடித்துப் பாழான பாறையில் டெலா குரூஸும் முன்பு சொன்ன ஹாரிசனும் வேறொரு வழி பார்த்தார்கள். இலட்சக்கணக்கான குஞ்சுகளை வளர்த்து, பாறையின் மேல் வலைக்கூண்டு கட்டி அதற்குள் விட்டார்கள். மூன்றாண்டில் அவை தாமே முட்டையிடும் பவளங்களாயின. அங்கும் குஞ்சைக் கொண்டுபோய்த் தரையருகே விட்டதோடு மனிதர் வேலை முடிந்தது. எந்த இடுக்கில் ஒட்டுவது என்பதைக் குஞ்சுதான் பார்த்துக்கொண்டது.

நட்டு வளர்ப்பதை நான் குறைத்துச் சொல்லவில்லை. என் கருத்து, செலவிடும் பணத்திலும் உழைப்பிலும் பெரும்பகுதி தரையைக் காப்பதற்குப் போக வேண்டும். கழிவுநீரை நிறுத்துவது, இழுவலையைத் தீவுப் பக்கம் விடாமலிருப்பது, பாசி மேயும் மீனைப் பிடித்துத் தீர்க்காமலிருப்பது. படம் எடுத்துப் போட முடியாத வேலைகள் இவை. ஒரு பங்குனி இரவில் அந்தக் கடலில் மிதக்கும் குஞ்சுகளின் எண்ணிக்கைக்கு முன்னால் நம் கையால் நடும் கிளைகள் எம்மாத்திரம்? அவை இறங்கிவந்து தொட்டுப் பார்க்கும்போது தரை சரியாக இருக்க வேண்டும்.

பேட்டையிலிருந்து ஆண்டுதோறும் வண்டி கட்டி இராமேசுவரம் போகிறீர்கள். தனுஷ்கோடி மணலில் நடக்கும்போது காலில் வெள்ளையாக ஒரு கல் தட்டுப்படும். பூப்பூவாக இருக்கும். பிள்ளைகள் ஆசையாக எடுத்துப் பையில் போடுவார்கள். கடைத்தெருவில் யாராவது காகிதத்தில் சுற்றி ரகசியமாகவும் விற்பார்கள். வாங்க வேண்டாம். எடுத்ததைக் கீழே போட்டுவிடச் சொல்லுங்கள். எல்லாக் கல்லும் குஞ்சுக்கு உதவும் என்று சொல்ல மாட்டேன். கரையொதுங்கிய கல் கரைக்குச் சுவர், கடலுக்குள் கிடக்கும் கல் அடுத்த பங்குனியில் வருகிறவர்களுக்குத் தரை. பிள்ளை ஏன் என்று கேட்டால், உருப்பெருக்கியில் பார்க்க வேண்டிய அந்தச் சின்னச் சக்கரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். இந்த டைலை இங்கேயே வைத்துவிட்டுப் போகிறேன். பக்கத்தில் வந்து அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்.